நீ சுரண்டிய நீலம்

மகனே சூசை,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ அனுப்பிய கல்யாணக் கார்டே அதைச் சொல்லிவிட்டது. தடித்த அட்டை, ஓரமெல்லாம் பொன் கோடு, மேலே மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு புறா. ஜோசப் என்று யாருக்கோ மெட்ராஸில் கல்யாணமாம். யாரடி இந்த ஜோசப் என்று உன் சித்தி அமலியிடம் கேட்டேன். அவள் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம சூசைதான்யா. மெட்ராசுக்குப் போனா பேருக்கும் கால்சட்டை மாட்டி விடுவாங்க போல" என்றாள். அதன்பிறகு என் பெயரைத் தேடினேன். மேலே இல்லை. கீழே இல்லை. 'தங்கள் வரவை விரும்பும் உற்றார் உறவினர்' என்று ஒரு வரி கிடந்தது. உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பன் அந்த வரியில் உற்றார் பக்கம் நிற்கிறேனா, உறவினர் பக்கம் நிற்கிறேனா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கார்டோடு ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருந்தாய். கல்யாணம் முடிந்த கையோடு பம்பாய்க்கு வேலையில் சேரப் போகிறாயாம். தூத்துக்குடிக்கு வர நேரம் இருக்காதாம். அது போகட்டும். அடுத்த வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. 'கல்யாணம் என்று சொல்லி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டாம். அந்தச் சுவரை வைத்துப் பேராசிரியர் கட்டுரை எழுதுகிறார். இருக்கிறபடியே இருக்கட்டும்.' மகனே, நம் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காதே என்று சொன்ன முதல் மாப்பிள்ளை நீதான்.

இதற்குப் பதிலை உனக்கு மட்டும் எழுதவில்லை. மாதா திருவிழா மலரிலும் போடக் கொடுத்திருக்கிறேன். மலர் வேலை பார்க்கும் வாத்தியார் என் கையெழுத்தைக் கண்டு முகம் சுளித்தார். "எழுத்துப் பிழையத் திருத்திக்கிடும் சார். சொன்ன விசயத்துல மட்டும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டேன். நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன்தான். தலை நிறைந்துவிட்டது, இனி ஊற்றினால் வழிந்துவிடும் என்றுதான் அன்று என்னை நிறுத்தினார்கள். கொழும்புத் தோணியில், தோணித் தலைவனான தண்டலுக்கு அடுத்த ஆளாக இருந்தவன் நான். (அமலி பக்கத்தில் நின்றுகொண்டு, "தண்டலுக்கு அடுத்தாப்ல நின்னு சோறு பொங்கினவருன்னு எழுதும்" என்கிறாள். பெண்களுக்குக் கடல் பதவிகள் விளங்காது.) நீ என்னை நாலு பேர் முன்னால் பேசினாய். நான் ஊர் முன்னால் பேசுகிறேன்.

போன வருஷம் திருவிழா கழிந்த மறுவாரம் அது. உன் கல்லூரியிலிருந்து பழைய தெருக்களை அளந்து படம் போட வருகிறார்கள், வழிகாட்டச் சித்தப்பா இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன் என எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன். புதுத் துறைமுகம் வந்தபின் கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்கின்றன. நடுக்கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குத் தோணி ஓட்டிய எங்களுக்கு அங்கே வேலையில்லை. ஊர் பார்க்க இறங்கும் கப்பல்காரர்களுக்குத் தெருக்களைக் காட்டுவதுதான் நான் பிடித்துக்கொண்ட வேலை. கிரேக்கனுக்குக் கைச்சாடை, ருசியாக்காரனுக்குப் பாட்டு, யாருக்கு எதில் சொன்னால் புரியுமோ அதில் சொல்வேன். மெட்ராஸ் பேராசிரியர் எந்த மூலைக்கு? வெள்ளை வேட்டி, கொழும்பில் ஒரு துரை தன் உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்த கோட்டு, தலைக்கு எண்ணெய், எல்லாம் போட்டுக்கொண்டு ரயிலடியில் நின்றேன். பேராசிரியர் இறங்கினார். இரண்டு பையன்கள் இறங்கினார்கள். படப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். ஸ்டெல்லா. இன்று கார்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை. கடைசியாக நீ இறங்கினாய். என் கோட்டைப் பார்த்தாய். "இந்த வெயில்ல எதுக்கு சித்தப்பா?" என்றாய். அன்றைக்கு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பழைய பாலத்தடியிலிருந்து தொடங்கினேன். நம் தெருக்களை நான் காட்டுவதுபோல் யாராலும் காட்ட முடியாது, அதை நீயே மறுக்க மாட்டாய். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சுவரின் அடியில் உட்காரவைத்து, "சார், இங்கன கைய வச்சுப் பாருங்க" என்றேன். கீழே முருகைக்கல். கடலுக்குள் வளர்ந்த பவளத்தை வெட்டி வந்து அடுக்கியது. ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடு போலப் பொத்தல். அதற்கு மேல் வெள்ளைக்காரன் வைத்த செங்கல். அதற்கு மேல் குஜராத்திலிருந்து வந்த சேட்டு பூசிய சிமெண்டு. உச்சியில் போன மழைக்குப் போட்ட தகரம். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் இந்த ஊருக்கு யார் யார் பிழைக்க வந்தார்கள் என்று வரிசையாகத் தெரியும். பேராசிரியரே தொப்பியைக் கழற்றிவிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கல்லை என் பாட்டனுக்குப் பாட்டன் ஒரே மூச்சில் முக்குளித்து, இரண்டு கையிலும் இரண்டு கல்லாக எடுத்து வந்தான் என்று ஒரு பிடி உப்புச் சேர்த்தேன். "முருகைக்கல்ல இடுப்பளவு தண்ணியில நின்னே வெட்டலாம் சார்" என்று நீ குறுக்கே வந்தாய். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தது கொழும்பு வியாபாரி கட்டிய வீடு. மரத்தில் சரிகை நெய்ததுபோல் இழைத்த முகப்பு, பர்மாத் தேக்குப் படி. அதற்கு அடுத்தது காயல்பட்டினத்து முதலாளி வீடு. பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வரப் பின்பக்கம் தனிச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் பனங்காட்டு ஊரிலிருந்து கருப்பட்டி மூட்டையோடு வந்து கடை வைத்த அண்ணாச்சி. போர்ச்சுக்கல் பறங்கி போனான், ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும் சொல்லாக நம் வாயில் விட்டுவிட்டுப் போனான் என்று நான் சொன்னதை அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். அப்போதுதான் கடைக்குள்ளிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "ஏம்வே, முத்து இன்னைக்கு என்ன பருமன்? போன மாசம் கப்பக்காரனுகளுக்கு நெல்லிக்காய்னுல்லா சொன்னீரு?" இது என்ன முத்து என்று பேராசிரியர் கேட்டார். லந்தாக்காரன் என்று நாங்கள் சொல்கிற டச்சுக்காரனுடைய கப்பித்தான் ஒருவன் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தான், அவன் ஒளித்துவைத்த முத்து இன்னும் சுவருக்குள் இருக்கிறது என்றேன். "எலுமிச்சம்பழம் பருமன் சார்." அண்ணாச்சி மேசையைத் தட்டிச் சிரித்தார். "கப்பக்காரனுக்கு நெல்லிக்கா, மெட்ராசுக்காரருக்கு எலுமிச்சங்காயா? நல்ல மரியாத வச்சிருக்கீரு!" நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

வீட்டுக்கு வந்தோம். முன்கூடத்துச் சுவரில் இருக்கும் இரும்பு வளையத்தைக் காட்டி, கப்பித்தான் வாள் மாட்டிய வளையம் என்று வழக்கம்போல் சொன்னேன். பேராசிரியர் குனிந்து பார்த்தார். தரையின் சரிவைப் பார்த்தார். வாசலின் அகலத்தை அளக்கச் சொன்னார். "பெரியவரே, வளையம் இடுப்பு உயரத்துல இருக்கு. வாள் மாட்ட இவ்வளவு தாழ்வா யாரு வைப்பாங்க?" என்றார். "அந்தக் கப்பித்தான் ஆளு கொஞ்சம் குள்ளம் சார்" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "இது குதிரை லாயம், சித்தப்பா. வளையம் குதிரை கட்ட. சரிவு மூத்திரம் ஓட. கப்பித்தானும் இல்ல, ஒருத்தனும் இல்ல" என்றாய். பேராசிரியர்கூட அதை இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. இன்றுவரை நான் கடைக்குப் போனால், "வாரும் வாரும், கொள்ளு அரைப்படி கட்டவா?" என்றுதான் அண்ணாச்சி கேட்கிறார். இதற்காக நான் உன்மேல் கோபப்பட்டேன் என்று நீ நினைத்தால் என்னை உனக்குத் தெரியாது என்று அர்த்தம். உன் சித்தி அன்றே ஒரு சொல் சொன்னாள். "மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரக் கும்பிடுத நமக்கு, குதிரை லாயத்துல குடியிருக்கதுல என்னய்யா கொறச்சல்?" அதற்கு மேல் அதில் பேச்சில்லை. கப்பித்தான் போனால் போகிறான். அவன் எனக்கு மாமனா, மச்சானா?

கோபம் அதற்குப் பிறகு நடந்ததற்கு. அடியில் டச்சுப் பூச்சு இருக்கிறதா பார்க்கலாம் என்றார் பேராசிரியர். தயக்கமாகத்தான் சொன்னார், "வீட்டுக்காரங்களக் கேட்டுக்கலாம்" என்றும் சொன்னார். "நம்ம வீடுதான் சார்" என்று சொல்லி, பையிலிருந்த தகட்டை எடுத்து நீயே சுரண்டினாய். வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், ஒரு சுளகு அகலத்துக்குச் சுரண்டினாய். முதலில் வெள்ளை உதிர்ந்தது. பிறகு நீலம் உதிர்ந்தது, உதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்கு அடியில் மெல்லிசாய் ஒரு வெள்ளை, பிறகு மஞ்சள் காவி. கடைசியில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று லந்தாக்காரன் பூச்சு வந்தது. "இதுதான் அசல்" என்றாய். எல்லாரும் அந்த அசலைச் சுற்றி நின்று விரலால் தடவினீர்கள். நீலம் உங்கள் காலடியில் கிடந்தது. அந்தப் பிள்ளை மட்டும் குனிந்து ஒரு சில்லை எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். "அங்கிள், மத்ததெல்லாம் மெல்லிசா இருக்கு. இந்த நீலம் மட்டும் ஏன் இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "அத விடு ஸ்டெல்லா. சித்தப்பா ஒரு கதை விடுவாங்க. எதையும் எழுதிக்காத."

மகனே, அன்று காலையிலிருந்து நான் சொன்னதில் எதை வேண்டுமானாலும் நீ தள்ளியிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் கதை இருக்கவில்லை. நடந்தது மட்டும்தான் இருந்தது. அதை அன்று சொல்ல விடவில்லை. இன்று சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துப் பொய் என்றால் மலரைப் படிக்கிற ஊர்ப் பெரியவர்கள் வந்து என் வாயில் அடிக்கட்டும்.

நம் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள் என்றால் சுவரின் நிறத்தை நாம் சொல்வதில்லை. கோவிலில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசித்ததும் பெண்வீட்டிலிருந்து ஆள் வந்து, பிள்ளை இன்ன நிறம் சொல்கிறாள் என்று சொல்ல வேண்டும். நாம் அந்த நிறத்தைச் சுண்ணாம்பில் கலக்கி முன்கூடத்துக்கு அடிக்க வேண்டும். சுண்ணாம்பு தோய்த்த முதல் மட்டையை மாப்பிள்ளை இழுக்க வேண்டும். வருகிறவள் அந்நியச் சுவருக்குள் நுழையக் கூடாது, தான் சொன்ன சுவருக்குள்தான் நுழைய வேண்டும் என்பது நம் வீட்டு முறை. எல்லாரும் எங்கிருந்தோ வந்து இறங்கிய இந்தத் தெருவில், வருகிறவளின் மனசு தெரிந்து யாரோ ஏற்படுத்தியது. அதேபோல் அந்த வீட்டில் ஒருவர் போய்விட்டால், வருஷத் திருப்பலிக்கு முன்னால் வெறும் வெள்ளை அடிக்க வேண்டும். வெள்ளை பளிச்சென்று தெரியச் சாதாரணமாக ஒரு சொட்டு நீலம் விடுவார்களே, அதுகூடக் கூடாது. மஞ்சள் காவி, புன்னைக்காயலிலிருந்து வந்த என் அம்மா சொன்னது. அதற்கு மேல் இருந்த மெல்லிய வெள்ளை, என் அப்பாவும் அம்மாவும் போனதற்கு அடித்தது. நீலம் உன் அம்மா. ஞானம்மாவுக்கு மணப்பாட்டில் ஓலை வாசித்த மறுநாள் அவள் அண்ணன் வந்து, "மாதா அங்கி நீலம்னு பிள்ள சொல்லுதா" என்றான். உன் அப்பன்தான் முதல் மட்டையை இழுத்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த உன் அப்பன், என் அண்ணன், நீ நடை பழகும் முன்னே தோணி ஏறிக் கொழும்புக்குப் போனான். கடல் கொண்டுபோகவில்லை. இருக்கிறான், கடை வைத்திருக்கிறான், வேறு குடும்பம் இருக்கிறது என்று தண்டல்மார் வந்து சொல்வார்கள். இது உனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. "அப்பா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். உன் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். யாராவது பதில் சொல்ல வேண்டுமே. அப்பா ஒரு பெரிய முத்து எடுக்கப் போயிருக்கிறார் என்று நான்தான் சொன்னேன். புளியங்கொட்டை பருமன் என்றேன். அடுத்த வருஷமும் கேட்டாய். அவன் வராத ஒவ்வொரு வருஷத்துக்கும் முத்து ஒரு சுற்றுப் பெருத்தது. கதை விடுவேன் என்கிறாயே, நான் கதை விடப் பழகியதே உனக்காகத்தான். பிறகு நீ வளர்ந்து, யாரோ சொல்லி உண்மை தெரிந்து, கேட்பதை நிறுத்திவிட்டாய். கேட்க ஆளில்லாமல் நின்ற அந்த முத்தை நான் கப்பித்தானிடம் கொடுத்துச் சுவருக்குள் வைத்தேன். வேறு எங்கே கொண்டு வைப்பது?

என் கல்யாணம் அதற்கு நடுவில் வந்தது. புது நிறம் வந்தால் ஞானம்மாவின் நீலம் மறையும். அதுதான் முறை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் புருஷன் இல்லாத வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்தச் சுவர் மட்டும்தான். புன்னைக்காயலிலிருந்து அமலியின் தாய்மாமன் வந்து உட்கார்ந்தார். மோர் குடித்தார். "பிள்ள நீலம்னு சொல்லுதா" என்றார். "ஏற்கெனவே நீலந்தானய்யா கெடக்கு?" என்றேன் நான். "அதேதான். அதே நீலம். அக்கா நெறம் இருக்கட்டும்னு சொல்லிட்டா" என்றார். உள்ளே ஞானம்மா கையிலிருந்த செம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாள் நான் அமலியிடம், உனக்கென்று ஒரு நிறம் இல்லாமல் பண்ணிக்கொண்டாயே என்று கேட்டேன். "மனுசன் வராத வீட்டுல அவ நெறத்தையும் அழிச்சிட்டு நான் போயி நிக்கணுமாக்கும்?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நீலம் ஏன் கனம் என்று அந்தப் பிள்ளை கேட்டாளே, அது ஒன்றல்ல, இரண்டு. இரண்டு பெண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிறார்கள். ஒரு சில்லின் ஓரத்தைப் பார்த்தே அவள் அதைக் கண்டுபிடித்தாள். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியவில்லை.

காய்ச்சலில் உன் அம்மா போனபின் அந்த வெள்ளையை நான்தான் அடித்தேன். நீ கீழே இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மறைவதைப் பார்த்து, "சித்தப்பா, அம்மா நெறம் எங்க போவுது?" என்று கேட்டாய். "எங்கயும் போவல ராசா. உள்ள பத்திரமா இருக்கு" என்றேன். அதுவும் கதை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. கதை இல்லை என்று உன் கையாலேயே சுரண்டிப் பார்த்து, பார்த்தபின்னும் தெரியாமல், காலால் ஒதுக்கிவிட்டுப் போனாய். நீங்கள் போனபின் அமலி அந்தத் தூளைக் கூட்டி அள்ளினாள். குப்பையில் போடவில்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்று உன் படித்த மனசு கேட்கும். வளர்த்தவனுக்கு உண்டு. அடியில் கிடப்பதுதான் அசல் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்காதே. அப்படிப் பார்த்தால் லந்தாக்காரன் பூச்சுக்கு அடியில் முருகைக்கல், அதற்கு அடியில் மணல், மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர். அதில் போய்க் குடியிரு பார்க்கலாம். குதிரை போனபின் அந்த லாயத்தை வீடாக்கியது மேலே இருந்த பூச்சுகள்தான். இன்னொன்று. கட்டிக்கொள்ளப் போகிறவள் ஒரு கேள்வி கேட்டால், பதில் யாரிடம் இருக்கிறதோ அவன் வாயை அடைக்காதே. இன்று என் வாய். நாளை அவளுடைய வாயாக இருக்கும். அவளைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவளாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடித்திருக்கிறது, உன்னைவிட.

இந்தத் தெருவிலிருந்து பறங்கி போனான். லந்தாக்காரன் போனான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். உன் அப்பன் போனான். போகிற வரிசையில் நீ நிற்பது எனக்கு ஆச்சரியமில்லை, அது உன் ரத்தம். ஆனால் போனவர்கள் எல்லாருமே சுவரில் ஒரு பூச்சு வைத்துவிட்டுத்தான் போனார்கள், உன் அப்பன் உட்பட. நீ மட்டும்தான் இருந்ததை உதிர்த்துவிட்டுப் போகிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலிலும் உனக்கு ஓலை வாசித்தார்கள். சூசை என்றுதான் வாசித்தார்கள், ஜோசப் என்றல்ல. வெளியே வந்ததும் அண்ணாச்சி கடையில் நாலு பேர் இருக்கும்போது, "என்னவே, நெறம் வந்துட்டா?" என்று கேட்டார். இந்தத் தடவை கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் நம் வீட்டு முறை தெரியும். "அன்னைக்கே வந்துட்டுல்லா" என்றேன். "என்ன நெறம்?" என்றார். "இந்தக் கரையில எவனும் கண்ணால கண்டிருக்க மாட்டான் வே. அடிச்ச பெறவு வந்து பாரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பானையைப் பார்த்தேன். சிப்பிச் சுண்ணாம்பு நீற்றிப் போட்டிருக்கிறேன். வடிகட்டி, கருப்பட்டித் தண்ணீர் விட்டு, வெண்ணெய் மாதிரி வைத்திருக்கிறேன். "உம்ம வாய்க்கு மொதல்ல ஒரு பூச்சுப் பூசும்" என்றாள் அமலி. பிறகு அவளே ஈரச் சாக்கை எடுத்துப் பானைமேல் போட்டாள்.

கார்டில் என் பெயர் வேண்டாம். பம்பாய்க்கு நேராகவே போ. பேராசிரியர் கட்டுரையை எழுதட்டும், அவர் பார்க்க வேண்டிய இடத்துக்கு ஒரு சட்டம் போட்டு விட்டுவிட்டு மற்றதை அடிப்பேன், அவருக்கு நான் பகையில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. எதையும் விடாமல் வாசி, அவள் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளட்டும். பிறகு, என்ன நிறம் என்று அவளிடம் கேள். அவள் சொல்கிற ஒரு வார்த்தையைத் தந்தியில் அனுப்பு. முதல் மட்டையை இழுக்க நீ வரவில்லை என்றால் உனக்குப் பதில் நான் இழுக்கிறேன், ஏணியை உன் சித்தி பிடித்துக்கொள்வாள். என்றைக்காவது ஒரு நாள் அவள் இந்த வாசலில் கால் வைத்தால், தான் சொன்ன சுவருக்குள்தான் வருவாள்.

வார்த்தை வராவிட்டாலும் உன் கல்யாணத்தன்று காலையில் நான் இந்தச் சுவருக்கு அடிக்கத்தான் போகிறேன். வெறும் வெள்ளை. நீலம் ஒரு சொட்டும் விடாமல். அதை எதற்கு அடிப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தோளில் இருந்து பார்த்தவன் நீ.